கிருபாபாய் சத்தியநாதன்

மருத்துவராக விரும்பி, நாவலாசிரியையான ஒரு பெண்மணியை இன்று நாம் அறிந்துகொள்வோம். கிருபாபாய் 1862ஆம் ஆண்டு அகமது நகரில் பிறந்தார். 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, முதலாண்டில் சிறப்பாகத் தேறினார். உடல்நலம் கெட்டதால் படிப்பு நின்றுபோயிற்று. 1881இல் சாமுவேல் சத்தியநாதனை மணந்து உதகை சென்றவர், அங்கே முஸ்லிம் சிறுமியருக்குப் பள்ளி தொடங்கினார்.

தம் வாழ்வையே 'சகுணா' என்னும் நாவலாக ஆங்கிலத்தில் எழுதினார். அடுத்தது 'கமலா'. தந்தையிடம் பாடம் கற்ற சிறுமி, மணமாகிப் புகுந்த வீட்டில் படும் பாடே அதன் கதை. பூச்சோங் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் பாட்டிமார்களிலும் சிறுவயதில் மணமானவர்கள் உண்டல்லவா? கமலாவின் துயரம் அவர்களுக்குச் சொல்லாமலே விளங்கியிருக்கும். ஒரே குழந்தையை இழந்து, நோயுடன் போராடியபடியே கிருபாபாய் இதை எழுதி முடித்தார். 1894இல் காலமானபோது அவருக்கு வயது 32. இரு நாவல்களும் 1896இல் தமிழில் வெளிவந்தன.