ஹந்தானை அடிவாரத்தில் யுத்தத் தலைமையகம்: மறந்துபோன பெண்கள்

பேராதனைப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகாத பாடசாலை நம் பக்கத்தில் இல்லை. ஓர்க்கிட் இல்லத்தையும் தொங்கு பாலத்தையும் காட்டுகிறோம். ஆனால் 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை டெல்லியிலிருந்து கொண்டுவந்து வைத்தது இதே பூங்காவில்தான் என்பதைச் சொல்லிக் கொடுக்கிறோமா? பர்மா யுத்தத்துக்கான கட்டளைகள் ஹந்தானை மலையின் காலடியிலிருந்து போயின.

அப்போது இலங்கை எங்கும் வெளிநாட்டுப் படையினர். 11ஆவது கிழக்கு ஆபிரிக்க டிவிஷன் இங்கே பயிற்சி எடுத்துத்தான் 1944இல் பர்மாவின் கபாவ் பள்ளத்தாக்குக்குப் போனது. மழை, மலேரியா, வருடக்கணக்கில் வீட்டைப் பிரிந்த ஏக்கம். துப்பாக்கி கொடுத்தால் மட்டும் போதாது, மனதையும் கவனிக்க வேண்டும் என்பது மேலிடத்துக்கு மெல்லத்தான் விளங்கியது. அதே ஆண்டு மன்ஸ்டர் பிரபு இந்தப் பிராந்தியத்துக்கு வந்து படையினரின் நலன் பற்றி அறிக்கை கொடுத்தார். அதன் பிறகு, 1938இல் ரெடிங் சீமாட்டி தொடங்கிய பெண்கள் தன்னார்வச் சேவையின் உறுப்பினர்கள் இந்தப் பக்கம் அதிகமாக அனுப்பப்பட்டார்கள்.

இவர்கள் சிப்பாய்களும் இல்லை, தாதிகளும் இல்லை. சாதாரணக் குடிமக்கள். படையினருக்கான மன்றங்களில் தேநீர் கொடுப்பது, விளையாட்டும் இசையும் ஒழுங்கு செய்வது, ஊர்க் கதையைப் பொறுமையாகக் கேட்பது என்பவைதான் இவர்களுடைய வேலை. பார்க்கச் சின்ன வேலை. ஆனால் வீட்டுக் குரலைக் கேட்டு எத்தனையோ நாளான ஒரு இளைஞனுக்கு அது எவ்வளவு பெரியது என்பது, பிள்ளையைத் தூர தேசத்துக்கு உழைக்க அனுப்பிய நம் குடும்பங்களுக்குத் தெரியும்.

1965 முதல் 1972 வரை வியட்நாமில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் 600க்கும் மேற்பட்ட இளம் பெண்கள் இதே வேலையைச் செய்தார்கள். வினாடி வினாவும் விளையாட்டும் தயாரித்து ஹெலிகொப்டரில் போர்முனை முகாம்களுக்கே போனார்கள். சிலர் உயிரோடு திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கும் படைவீரருக்குரிய சலுகைகள் கிடைக்கவில்லை. ஆயுதம் தூக்காதவர்கள் கணக்கில் வரவில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு கணக்கும் இருக்கிறது. 1942இல் ஜாவா ஜப்பானிடம் விழுந்த பிறகு, நேச நாடுகள் தேயிலைக்குப் பெரும்பாலும் இந்தியாவையும் இலங்கையையுமே நம்பியிருந்தன. அந்த மன்றங்களில் ஊற்றிய தேநீருக்குப் பின்னால், இந்த மலைகளில் கொழுந்து பறித்த பெண்களின் கைகள் இருந்தன. யுத்தம் முடிந்து மூன்றே வருடத்தில், 1948 குடியுரிமைச் சட்டம் அந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது.

கண்டி யுத்த மயானத்தில் பிரித்தானியர், ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர் என்று எல்லோருக்கும் பெயர் பொறித்த கல் இருக்கிறது. அது நியாயம். தேநீர் கொடுத்தவளுக்கும் கொழுந்து பறித்தவளுக்கும் கல் இல்லை. அந்தக் காலத்தைக் கண்ட உம்மம்மாவோ அப்பாயியோ இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்வதைப் பெயரோடும் ஊரோடும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நம் பிள்ளைகளின் வரலாற்றுப் பாடத்துக்கு அது தேவை.