பெக்கி லீயும் சாகித்திய உரிமையும்

அமெரிக்க ஜனரஞ்சக சங்கீதத்தின் சரித்திரத்தை எழுதியவர்களில் பெரும்பாலோர், பெக்கி லீயின் (1920–2002) கீர்த்தி முழுவதையும் அவருடைய தணிந்த சாரீரத்தின்மீதே ஏற்றிக் கூறிவிட்டு, அச்சாரீரம் பாடியவற்றுள் கணிசமானவை அவரே இயற்றியவை என்பதை ஒரு வாக்கியத்தில் கடந்துபோகின்றனர். பாடுதலும் இயற்றுதலும் அவரிடத்தில் ஒரே தொழிலின் இரு கூறுகளாகவே இருந்தன என்பதும், அத்தொழிலின் பலன் அவருக்குக் கிட்டியதும் கிட்டாததும் கலைத்திறத்தைப் பொறுத்தல்லாமல் பத்திரத்தைப் பொறுத்தே அமைந்தன என்பதும் என் துணிபு.

வடக்கு டகோட்டாவின் ஜேம்ஸ்டவுனில் நார்மா டெலோரிஸ் எக்ஸ்ட்ரோமாகப் பிறந்து, ஃபார்கோ வானொலியில் பெக்கி லீயாகி, 1941-இல் பென்னி குட்மனின் வாத்தியக் குழுவில் சேர்ந்த அவர், பின்னர்க் கணவரான கிதார்க் கலைஞர் டேவ் பார்பருடன் கூடிப் பாட்டுகள் இயற்றலானார். அவற்றுள் 1948-இல் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்ற 'மன்யானா', மெக்ஸிகோ மக்களின் உச்சரிப்பைப் பரிகசிப்பதால் இன்று ருசிப்பதில்லை. பிரசித்தி வேறு, தரம் வேறு.

நம் விசாரணைக்கு உரியது 1958-இல் பதிவான 'ஃபீவர்'. எடி கூலியும் ஓடிஸ் பிளாக்வெல்லும் இயற்றி, 1956-இல் லிட்டில் வில்லி ஜான் பாடிப் பிரபலமாக்கியிருந்த அப்பாட்டிலிருந்து கொம்பு வாத்தியங்களையெல்லாம் விலக்கி, பெரிய பாஸ் வாத்தியம், டிரம், விரற்சொடுக்கு இம்மூன்றையே துணையாக நிறுத்தியதோடு, ரோமியோ ஜூலியட்டையும் போகஹான்டஸையும் பற்றிய புதுச் சரணங்களையும் லீ சேர்த்தார். ஆயினும் சாகித்திய கர்த்தாக்களின் வரிசையில் அவர் பெயர் ஏறவில்லை. (வேறொரு ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டிருந்த பிளாக்வெல்லே, ஜான் டேவன்போர்ட் என்ற புனைபெயரில் ஒளிய நேர்ந்தது இவ்விஷயத்தின் விநோதம்.) பிறர் பாட்டில் சில அடிகள் கூட்டுவது இயற்றுதல் ஆகாதென்று ஆட்சேபிக்கலாம், ஆனால் 1960-இல் எல்விஸ் பிரெஸ்லி அப்பாட்டைப் பதிந்தபோது, லிட்டில் வில்லி ஜானின் அமைப்பை விடுத்து, லீயின் அமைப்பையும் சரணங்களையுமே பின்பற்றினார் என்பது அவ்வாட்சேபத்துக்குப் போதிய விடையாகும்.

இதற்கு மறுதலையானது டிஸ்னி நிறுவனத்தின் 'லேடி அண்ட் தி டிராம்ப்' (1955). சானி பர்க்குடன் சேர்ந்து அப்படத்திற்குப் பாட்டுகள் இயற்றி, நான்கு பாத்திரங்களுக்குக் குரலும் தந்த லீ, பொதுமக்களுக்கு விற்கப்படும் ஒலிப்பதிவுப் பிரதிகளின்மீது நிறுவனத்துக்கிருந்த உரிமையைத் தம் ஒப்பந்தத்தில் வரையறுத்திருந்தார். 1987-இல் படம் வீடியோ கேசட்டாக வெளிவந்து பெருந்தொகை ஈட்டவே, மறு ஆண்டு அவர் வழக்குத் தொடுத்தார். அந்நிபந்தனை எழுதப்பட்ட காலத்தில் வீட்டு வீடியோ என்பதே இல்லையென்ற வாதம் நிற்காமற்போய், 1991-இல் ஏறத்தாழ 23 லட்சம் டாலர் அவருக்குத் தீர்ப்பாயிற்று. 'ஃபீவர்' சரணங்களுக்கோ வழக்காடுவதற்கு ஒரு காகிதமும் இல்லை.