கன்றின் கழிச்சலும் தீவகத்தின் நன்னீரும்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே அமைந்த தீவகத்தின் வரலாற்றை ஆராய்வோர்க்குக் கிடைக்கும் சான்றுகளில் விலங்குகளுக்கும் ஓரிடம் உண்டு. ஆயின், அவ்விடம் யானைக்கும் குதிரைக்குமே பெரிதும் உரியதாகின்றது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு இதற்குத் தக்க சான்றாகும். ஊராத்துறை, அதாவது இன்றைய ஊர்காவற்றுறை, வந்து சேரும் பிறநாட்டு வணிகரைப் பாதுகாக்க வேண்டும் என்று அக்கல்வெட்டு விதிக்கின்றது. யானை, குதிரைகளை ஏற்றிவரும் கலம் உடையுமாயின் நான்கிலொரு பங்கு அரச பண்டாரத்துக்குச் சேரும். எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கு உரியது. பிற வாணிகச் சரக்கு ஏற்றிய கலமாயின் சரிபாதி பண்டாரத்துக்காகும். பிற்காலத்தில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் நெடுந்தீவிற் குதிரை வளர்த்தனர். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் அத்தீவை டெல்வ்ற் என அழைத்தனர். கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளும் இடிந்த குதிரை இலாயமும் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றன.

அரசும் வணிகமும் போற்றிய விலங்குகள் இவ்வாறு ஏட்டிலும் கல்லிலும் இடம்பெற்றன. குடியானவனின் முற்றத்திற் கட்டப்பட்ட பசுவோ அத்தகைய இடத்தைப் பெறவில்லை. எனினும் வயலுக்கு எருவும், குழந்தைக்குப் பாலும், வீட்டுக்குச் சிறு வருவாயும் தந்தது அப்பசுவே. நாட்டுப் பசு தன் கன்று முட்டிக் குடித்த பின்னரே பால் சுரக்கும் இயல்புடையது. கன்று இறந்தால் அது பால் மறுத்துவிடுதல் பெரும்பான்மை. இறந்த கன்றின் தோலுள் வைக்கோலை அடைத்துப் பசுவின் முன் நிறுத்திப் பால் கறக்கும் பழைய வழக்கம் இவ்விடரினின்று தோன்றியதே. எனவே கன்றொன்றின் இறப்பு ஓர் உயிரின் இழப்பு மட்டுமன்று. அவ்வீட்டின் ஒரு பருவத்துப் பாலின் இழப்புமாகும். பிறந்து சில நாட்களேயான கன்றைக் கொல்லும் நோய்களுள் முதன்மையானது கழிச்சல். அதனை மனிதர் விளங்கிக்கொண்ட வரலாற்றைத் தீவகத்தின் நிலையோடு பொருத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்சன் என்னும் அறிஞர் 1893இல் கன்றுக் கழிச்சலைக் குடலில் வாழும் கோலி வகைப் பற்றீரியாவுடன் தொடர்புபடுத்தினார். கிருமி அறியப்பட்டதாயினும், ஒரே தொழுவத்திற் பிறந்த கன்றுகளுள் ஒன்று மாள மற்றொன்று பிழைப்பது ஏன் என்னும் வினா எஞ்சியிருந்தது. அதற்குரிய விடையை 1922இல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் ரால்ப் லிற்றிலும் வெளியிட்டனர். ஈன்றவுடன் சுரக்கும் முதற்பாலை உண்ட கன்றுகள் பிழைத்தன. அது மறுக்கப்பட்ட கன்றுகளுட் பெரும்பாலானவை மாண்டன. மனிதக் குழந்தை கருவிலிருக்கும்போதே தாயின் குருதியிலிருந்து பிறபொருளெதிரிகளைப் பெறுகின்றது. பசுவின் சூல்வித்தகமோ அவற்றைக் கடத்துவதில்லை. ஆதலின் கன்று நோயெதிர்ப்பின்றியே பிறக்கின்றது. முதற்பாலிலுள்ள எதிரிகளைக் கன்றின் குடல் முழுமையாக உறிஞ்சவல்லது முதற் சில மணி நேரத்திலேயே. ஏறத்தாழ 24 மணி நேரத்தில் அவ்வாயில் அடைபட்டுவிடும்.

இம்முதற்பாலையே நம்மவர் கடும்புப்பால் என்பர். சீம்பால் என்றும் வழங்குவர். அதனைச் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி அயலவர்க்குப் பகிர்ந்தளித்தல் இனிய மரபு. ஆயினும் கன்று வயிறார உண்ட பின்னர் எஞ்சியதைக் கறத்தல் வேறு. கன்றின் பங்கையே கறத்தல் வேறு. 20 கிலோகிராம் எடையுள்ள கன்றுக்கு அதன் எடையிற் பத்திலொரு பங்காகிய 2 லீற்றர் கடும்புப்பால் முதல் நாளிற் செல்ல வேண்டும். அதன் பெரும்பகுதி முதல் ஆறு மணி நேரத்துக்குள் சென்றால் மிக நன்று. மரபைக் கைவிட வேண்டுவதில்லை. பந்தியிற் கன்றை முன்னிருத்தினாற் போதுமானது.

இரண்டாம் உலகப் போரின் பின் அன்ரிபயோரிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பண்ணைகளிற் பெருகின. தொழுவத்தின் குறையை மருந்துப் புட்டி மறைக்கும் என்னும் நம்பிக்கையும் உடன் வளர்ந்தது. அந்நம்பிக்கை தளர்வதற்குக் கன்றுகளே காரணமாயின. 1960களில் இங்கிலாந்தில் இளங்கன்றுகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, பல பண்ணைகளிலிருந்து ஒன்றுசேர்க்கப்பட்டு விற்கப்பட்டன. அவற்றிடையே பரவிய சல்மொனெல்லாக் கிருமி பல மருந்துகளுக்கு ஒருங்கே அடங்காததாகி, மனிதரையும் தொற்றியது. ஈ. எஸ். அன்டர்சன் இதனை ஆராய்ந்து எச்சரித்தார். 1969இல் வெளியான சுவான் குழுவின் அறிக்கை, மனித மருத்துவத்துக்கு வேண்டிய மருந்துகளை விலங்குகளின் வளர்ச்சியைத் தூண்டுவதற்காகத் தீவனத்திற் கலத்தலாகாது எனப் பரிந்துரைத்தது. அதே 1969இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மீபஸ் என்பவரும் அவர்தம் குழுவினரும் கன்றுக் கழிச்சலில் ஒரு வைரசைக் கண்டனர். பின்னர் றோட்டா வைரசு எனப் பெயர்பெற்ற அவ்வகை, 1973இல் மெல்போணில் ரூத் பிஷப் குழுவினரால் குழந்தைகளிடமும் காணப்பட்டது. வைரசை அன்ரிபயோரிக் கொல்லாது என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

அவ்வாறாயின் கன்றைக் கொல்வது யாது? கிருமி எதுவாயினும், கழிச்சலால் உடல் இழப்பது நீரும் உப்புமே. கண் குழிவிழுதல், கிள்ளிவிட்ட தோல் மீளத் தாமதித்தல், வாயும் காதும் குளிர்தல் ஆகியன இவ்விழப்பின் அறிகுறிகள். 20 கிலோகிராம் கன்று தன் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு நீரை இழக்குமாயின் 1.6 லீற்றர் குறைவுற்றதாகும். அதனை ஈடுசெய்யும் வழி மனித மருத்துவத்திலிருந்தே கிடைத்தது. குடற்சுவர் குளுக்கோசை உறிஞ்சும்போது சோடியத்தையும் உடன் ஈர்க்கின்றது என்னும் கருத்தை 1960இல் ரொபேட் கிரேன் முன்வைத்தார். 1968இல் டாக்காவில் வாந்திபேதி நோயாளரிடம் இம்முறை பயன்படுத்தப்பட்டது. 1971இல் வங்காளப் போரின்போது பொன்காவ் அகதி முகாமில் நாளக்கரைசல் தீர்ந்த வேளையில், திலீப் மகலனோபிஸ் ஒரு லீற்றர் நீரில் 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் கறியுப்பு, 2.5 கிராம் சோடியம் இருகாபனேற்று ஆகியவற்றைக் கரைத்துப் பருகக் கொடுத்தார். ஏறத்தாழ 30 சதவீதமாயிருந்த இறப்பு அவரது பராமரிப்பில் 3.6 சதவீதமாகக் குறைந்தது. இலங்கையர் ஜீவனி என்று அறிந்த பொதியின் முன்னோடி இதுவே. 1970களிற் கன்றுகளுக்கும் இத்தகைய கரைசல்கள் பயன்பாட்டுக்கு வந்தன. கழிச்சலுற்ற கன்றின் குருதியில் அமிலத்தன்மை மிகுவதால், அதனைத் தணிக்கும் இருகாபனேற்று அல்லது அசற்றேற்று அவற்றுட் சேர்க்கப்படுகின்றது.

இவ்விடத்திலேயே தீவகத்துக்குரிய தனி இடர் தோன்றுகின்றது. சுண்ணாம்புக்கல் நிலத்தினுள் இறங்கும் மழைநீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கின்றது. ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மாரி மழையே அவ்வில்லையைப் பெரிதும் நிரப்புவது. கோடையில் அது மெலியக் கிணறுகள் பல சவராகின்றன. நெடுந்தீவிற் கோடைதோறும் மனிதரும் மாடுகளும் நன்னீர்த் தட்டுப்பாட்டை எதிர்நோக்குகின்றனர். உப்பும் குளுக்கோசும் அளந்து கலக்கப்பட்ட பொதியைச் சவர்நீரிற் கரைத்தால் அளவு பிறழும். மிகையான சோடியம் கன்றின் மூளையையே தாக்கவல்லது. பிற நாட்டு நூல்கள் நீரின் அளவை மட்டுமே கூறிச் செல்லும். தீவகத்தானோ நீரின் சுவையையும் நோக்குதல் வேண்டும். சேமித்த மழைநீரோ நற்கிணற்று நீரோ கொதிக்கவைத்து ஆற்றிய பின்னரே கரைசலுக்கு உரியதாகும்.

மருந்தை முற்றாக விலக்குதல் இதன் பொருளன்று. காய்ச்சல், கழிச்சலிற் குருதி, எழ இயலாத சோர்வு ஆகியன தோன்றுமாயின் கிருமி குருதியிற் கலந்திருத்தல் கூடும். அந்நிலையில் அன்ரிபயோரிக் இன்றியமையாதது. பாலுறிஞ்சும் ஆற்றல் இழந்த கன்றுக்கு நாளவழியே நீரேற்ற வேண்டும். இவை கால்நடை வைத்தியருக்குரிய பணிகள். கடல் கடந்து அவர் வரும்வரை கன்றைத் தாங்குவன கரைசலும் தாய்ப்பாலுமே. கழிச்சல் கண்டவுடன் பாலை நிறுத்துதல் தவறு. பாலூட்டிச் சில மணி இடைவெளி விட்டுக் கரைசலைத் தனியே புகட்டுதல் தகும். உலர்ந்த படுக்கையும், நோயுற்றதைப் பிரித்துக் கட்டுதலும் மாரிகாலத்தில் இரட்டிப்பு அவசியமாகும்.

இதுகாறும் கூறியவற்றால், கன்றைக் காக்கும் வரலாறு புதிய மருந்துகளின் வரலாறாக மட்டும் அமையவில்லை என்பது தெளிவாகும். ஜென்சனுக்குப் பின் வந்த அறிவு கடும்புப்பாலுக்கும், உப்பும் இனிப்பும் கலந்த நீருக்குமே நம்மை அழைத்துச் செல்கின்றது. முன்னது ஒவ்வொரு தொழுவத்திலும் உள்ளது. பின்னதற்கு வேண்டிய நன்னீரோ தீவகத்திற் கோடைதோறும் அருகுகின்றது. ஆதலின் கேணிகளைத் தூர்வாருதலும் மழைநீர்த் தொட்டி கட்டுதலும் குடிநீர்த் திட்டங்கள் மட்டுமல்ல. அவை கன்று காக்கும் மருத்துவமுமாகும்.