கைக்குழந்தையோடு அந்தமான் போறீங்களா? டிக்கெட் போடும் முன் இதைப் படிங்க!

குழந்தை பிறந்த பிறகு முதல் பெரிய ட்ரிப். கடல், மணல், தென்னை மரம்னு ஒரு தீவுக்குப் போகணும். ஆனா பாஸ்போர்ட், விசா அலைச்சல் வேண்டாம். இப்படி யோசிக்கிற பல குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தமான்தான். சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் 2 மணி நேரம். இறங்கினால் தமிழ் பேசும் கடைக்காரரும் இருப்பார், இட்லி தோசையும் கிடைக்கும்.

ஆனா ஒரு விஷயத்தை மறந்துடக் கூடாது. அந்தமானுக்குப் போவது வேறு, அங்கிருந்து இன்னொரு சின்னத் தீவுக்குப் போவது வேறு. சின்னத் தீவில் ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், பெரிய மருத்துவமனைக்கும் உங்களுக்கும் நடுவில் கடல் இருக்கும். அதனால் எந்த பீச் அழகு என்பதை விட, எந்த மாதம் போறோம், எத்தனை தடவை படகு ஏறுறோம், எங்கே தங்குறோம் என்பதுதான் முக்கியம். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எந்த மாதம் போகலாம்?

தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் தொடங்குவது அந்தமான் கடல் பகுதியில்தான். மே மாதத்தின் பாதியிலேயே மழை ஆரம்பித்துவிடும். அதன் பிறகு வடகிழக்குப் பருவமழையும் அங்கே பெய்யும். இந்த மாதங்களில் கடல் கொந்தளித்தால் படகுச் சேவை ரத்தாகும்.

குழந்தையோடு போக ஏற்ற காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. பிப்ரவரி, மார்ச்சில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். டிசம்பர் கடைசி வாரத்தில் கூட்டமும் அதிகம், அறை வாடகையும் அதிகம். ஏப்ரலில் போனால் வெயிலுக்குத் தயாராக இருங்க.

எத்தனை மாதக் குழந்தையை அழைத்துப் போகலாம்?

இதற்கு உங்கள் குழந்தை மருத்துவர் சொல்வதுதான் பதில். ஆனாலும் சில விஷயங்களை மனசில் வைங்க.

• 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போகணும். இந்த வயதில் தீவுப் பயணம் வேண்டாம்.
• 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்றால் உணவு விஷயத்தில் கவலை குறைவு. ஆனால் இந்த வயதில் சன்ஸ்கிரீனை நம்பக் கூடாது. நிழலும் மெல்லிய பருத்தி உடையும்தான் பாதுகாப்பு.
• 9 மாதத்தில் போடும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முடிந்த பிறகு பயணம் வைத்துக்கொள்வது நல்லது.
• நடக்க ஆரம்பித்த குழந்தை என்றால் பெரிய ஆபத்து தண்ணீர்தான். அதைக் கீழே தனியாகவே பார்க்கலாம்.

விமான டிக்கெட்டில் கவனிக்க வேண்டியது என்ன?

2 வயது நிறைவடையாத குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். தனி இருக்கை கிடையாது, ஆனால் அதற்கென ஒரு கட்டணம் உண்டு. பிறப்புச் சான்றிதழ் மாதிரி வயதைக் காட்டும் ஆவணம் கையில் இருக்கணும். போகும்போது 2 வயது ஆகாமல், திரும்பும்போது ஆகியிருந்தால், திரும்பும் பயணத்துக்குத் தனி சீட் போடணும். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தைக்குப் பால் கொடுங்க. விழுங்கும்போது காது அடைப்பு குறையும். பால், கஞ்சி, குழந்தை உணவு எல்லாம் பயணத்துக்குத் தேவையான அளவு கைப்பையில் எடுத்துப் போகலாம்.

சென்னையிலிருந்து கப்பலும் உண்டு. ஆனால் கடலில் சுமார் 3 நாள் ஆகும். கைக்குழந்தையோடு அது வேண்டாம்.

பெயர் குழப்பம் வேண்டாம்

முன்பதிவு செய்யும்போது பழைய பெயர், புதிய பெயர் இரண்டும் வரும். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. 2018-ல் ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் த்வீப் ஆனது. நீல் தீவு ஷஹீத் த்வீப் ஆனது. ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப் ஆனது.

எத்தனை தீவு பார்க்கலாம்?

5 நாளில் 4 இடம் என்று பேக்கேஜ் விற்பார்கள். குழந்தையோடு போகிறவர்களுக்கு அது சரிவராது. தலைநகரைத் தவிர ஒரே ஒரு தீவு போதும். ஒவ்வொரு முறை தீவு மாறும்போதும் பெட்டி கட்டி, அறை காலி செய்து, படகுத் துறையில் காத்திருந்து, தூக்கத்தில் இருக்கும் குழந்தையை எழுப்பணும். அரை நாள் அதிலேயே போய்விடும்.

ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து ஸ்வராஜ் த்வீப்புக்கு தனியார் வேகப் படகில் சுமார் ஒன்றரை முதல் 2 மணி நேரம். அரசுப் படகில் இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம். காலைப் படகில் போவது நல்லது. குழந்தையின் பெயரையும் டிக்கெட்டில் சேர்க்கணுமா என்று முன்பதிவின்போதே கேட்டுடுங்க.

6 நாள் திட்டம் இப்படி இருக்கலாம்:

• நாள் 1: ஸ்ரீ விஜயபுரம். ஓய்வு மட்டும். மாலையில் கார்பின்ஸ் கோவ் கடற்கரை.
• நாள் 2: காலைப் படகில் ஸ்வராஜ் த்வீப். அறையிலேயே ஓய்வு.
• நாள் 3, 4: அதே அறை, அதே கடற்கரை. ஒரு நாள் மட்டும் ராதாநகர் பீச்.
• நாள் 5: திரும்பவும் ஸ்ரீ விஜயபுரம். வெயில் தாழ்ந்ததும் செல்லுலார் சிறை.
• நாள் 6: விமானம்.

இதில் 5-ம் நாளை மட்டும் வெட்டிடாதீங்க. காலையில் படகு, மதியம் விமானம் என்று திட்டம் போட்டால், வானிலையால் படகு ரத்தாகும்போது விமானமும் போய்விடும். கடைசி ராத்திரி கட்டாயம் தலைநகரில் இருக்கணும்.

எதைத் தவிர்க்கலாம்?

பாராடாங் சுண்ணாம்புக் குகைக்கு விடியும் முன்பே கிளம்பணும். ஜாரவா பழங்குடியினர் காப்பகம் வழியாக வாகன அணிவகுப்பில்தான் போக முடியும். நடுவில் வண்டியை நிறுத்த அனுமதி இல்லை. குழந்தை அழுதாலும், டயபர் மாற்றணும் என்றாலும் நிறுத்த முடியாது. எலிஃபன்ட் பீச்சுக்கு சிறு படகு அல்லது காட்டு வழி நடை. இரண்டையும் அடுத்த பயணத்துக்கு வச்சுக்கலாம்.

ஸ்கூபா போக ஆசை இருந்தால் அப்பா ஒரு நாள், அம்மா ஒரு நாள் என்று முறை வைத்துப் போங்க. ஸ்கூபா முடிந்து விமானம் ஏற 18 முதல் 24 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

தீவின் நேரம் குழந்தைக்கு வசதிதான்!

அந்தமான் நம்மை விடக் கிழக்கே இருக்கிறது; ஆனால் கடிகாரம் ஒன்றுதான். அதனால் அங்கே சீக்கிரம் விடியும், சீக்கிரம் இருட்டும். டிசம்பரில் மாலை 5 மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும். பெரியவர்களுக்கு இது ஏமாற்றம். ஆனால் 5 மணிக்கே எழுந்து உட்காரும் குழந்தைக்கு இது சரியான ஊர்!

காலை 6 முதல் 8.30 வரை கடற்கரை. 10 முதல் 3 மணி வரை அறை, சாப்பாடு, தூக்கம். 3.30-க்கு மேல் மறுபடி மணல். 7 மணிக்குத் தூக்கம். இந்த அட்டவணையை மாற்றாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தண்ணீர்: ஒரு கை தூரம்தான் விதி

சின்னக் குழந்தை மூழ்கும்போது சத்தம் வராது. கணுக்கால் அளவு தண்ணீரிலும் ஆபத்து உண்டு. குழந்தை தண்ணீர்ப் பக்கம் இருக்கும்போது ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில் இருக்கணும். அவர் கையில் போன் இருக்கக் கூடாது. "நீ பார்ப்பேன்னு நினைச்சேன்" என்ற பேச்சே வரக் கூடாது என்றால், இப்போது யார் பார்க்கிறார்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கோங்க.

• காற்றடித்த வளையம், கைப் பலூன் எல்லாம் விளையாட்டுப் பொருள். உயிர் காக்கும் கவசம் அல்ல.
• சில கரைகளில் உப்புநீர் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும். பலகை இருக்கும் இடத்தில் கால் நனைக்கவே வேண்டாம்.
• கடல் வற்றும் நேரத்தில் பாறையும் பவளமும் வெளியே தெரியும். குழந்தைக்கு மூடிய செருப்பு போடுங்க.
• நீச்சல் குளம் இருக்கும் விடுதி என்றால் அறைக்கும் குளத்துக்கும் நடுவே தடுப்பு இருக்கிறதா என்று கேளுங்க.

இன்னொன்று. குழந்தை ஆசையாகப் பொறுக்கும் பவளத் துண்டை ஊருக்கு எடுத்து வர முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பவளப்பாறை பாதுகாக்கப்பட்டது. சிப்பியோ பவளமோ, விளையாடி முடித்ததும் கரையிலேயே விட்டுட்டு வாங்க.

வெயில், கொசு, மணல் ஈ

6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத, ஜிங்க் ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன் பூசலாம். 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரில் இறங்கி வந்த பிறகும் மறுபடி பூசணும். முழுக்கை நீச்சல் உடையும் அகலத் தொப்பியும் அதை விட நல்லது.

சாயங்காலம் கடற்கரையில் மணல் ஈ கடிக்கும். குழந்தையை நேராக மணலில் உட்கார வைக்காமல் விரிப்பு போடுங்க. கொசுவுக்குக் கொசுவலைதான் முதல் வழி. மடக்கும் குழந்தை கொசுவலையை ஊரிலிருந்தே எடுத்துப் போங்க. டீட் கலந்த கொசு விரட்டியை 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பூசக் கூடாது. பெரிய குழந்தைக்கும் கை விரல், கண், வாய் பக்கம் வேண்டாம்.

மருந்துப் பையில் என்ன இருக்கணும்?

ஸ்ரீ விஜயபுரத்தில் ஜி.பி. பந்த் அரசு மருத்துவமனை இருக்கிறது. சின்னத் தீவுகளில் இருப்பது ஆரம்ப சிகிச்சை வசதிதான். அதனால் அறை எடுக்கும்போதே சுகாதார நிலையம் எவ்வளவு தூரம், ராத்திரி வண்டி கிடைக்குமா என்று கேளுங்க. 2020-ல் சென்னையிலிருந்து கடலடி கேபிள் போட்ட பிறகு இணையம் மேம்பட்டிருக்கிறது. இருந்தாலும் மருந்துச் சீட்டும் மருத்துவர் எண்ணும் காகிதத்தில் இருக்கட்டும்.

• தெர்மாமீட்டர்
• குழந்தையின் இப்போதைய எடைக்கு ஏற்ப, மருத்துவர் அளவு எழுதிக் கொடுத்த பாராசிட்டமால். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே வீரியம் அல்ல. ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் பயன்படுத்தினால் ஆபத்து.
• ஓஆர்எஸ் பாக்கெட். எவ்வளவு தண்ணீரில் கலக்கணும் என்று பாக்கெட்டில் போட்டிருக்கும், அதே அளவில் கலக்குங்க. பழச்சுவை பானம் இதற்கு மாற்று அல்ல.
• டயபர், பால் பவுடர். நீங்கள் வழக்கமாக வாங்கும் அளவும் பிராண்டும் சின்னத் தீவில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீங்க.
• சின்ன மின் கெட்டில். பால் பவுடர் கலக்கக் கொதிக்க வைத்த தண்ணீர்தான் பாதுகாப்பு.

படகில் வாந்தி வருமே என்று நீங்களாக மருந்து கொடுக்காதீங்க. ப்ரோமெத்தசின் என்ற மருந்தை 2 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. நல்ல விஷயம் என்னவென்றால், இந்த வயதுக் குழந்தைகளுக்குப் பயண வாந்தி வருவது குறைவு. பெரும்பாலும் தலை சுற்றுவது அம்மா அப்பாவுக்குத்தான்!

எப்போது உடனே மருத்துவமனை போகணும்?

6 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, வாய் வறண்டிருக்கிறது, துவண்டு கிடக்கிறது, மூச்சு வேகமாக இருக்கிறது, பால் குடிக்க மறுக்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பகலில் சந்தேகம் வந்தால், சாயங்காலப் படகு கிளம்பும் முன்பே தலைநகருக்குத் திரும்புவது நல்லது. இருட்டிய பிறகு தீவை விட்டுக் கிளம்புவது கஷ்டம்.

தீவுக்குள் எப்படிப் போவது?

ஸ்வராஜ் த்வீப்பில் பலரும் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பார்கள். இரு சக்கர வாகனத்தில் 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டை வேண்டும், 9 மாதத்துக்கு மேல் ஹெல்மெட்டும் வேண்டும், 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. வாடகைக் கடையில் குழந்தை ஹெல்மெட்டை எதிர்பார்க்க முடியாது. டாக்ஸியோ ஆட்டோவோதான் சரி. ஸ்ட்ரோலர் மணலில் உருளாது. படகுப் படியிலும் சிரமம். மார்போடு கட்டிக்கொள்ளும் கேரியர் போதும்.

கடைசியாக ஒன்று

நீல நிறக் கடல் குழந்தைக்குப் புரியாது. அதற்கு ஒரு வாளி, கொஞ்சம் ஈர மணல், பக்கத்தில் அவசரப்படாத அப்பா அம்மா இருந்தால் போதும். ஒரு தீவு, ஒரு அறை, காலைப் படகு, கடைசி ராத்திரி தலைநகரில். இந்த நாலையும் உறுதி செய்துவிட்டு டிக்கெட் போடுங்க. பார்க்காமல் விட்ட இடங்கள் எங்கேயும் போகாது. குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் இன்னொரு முறை போய்க்கலாம்!