சிங்கராஜ வனமும் அதன் விளிம்பு மக்களும்

காடு என்றதும் மனிதர் இல்லாத வெளியொன்றைக் கற்பனை செய்வது கற்றோரிடையே வழக்கமாகிவிட்டது. இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்கள் சந்திக்குமிடத்தில் கிடக்கும் சிங்கராஜ மழைக்காட்டைப் பற்றி எழுதப்படுவனவற்றில் மரங்கள் உண்டு, பறவைகள் உண்டு. அதன் விளிம்பிலே தலைமுறைகளாக வாழ்ந்துவரும் சிங்களக் கிராமத்தவர் மட்டும் ஓரத்திலேயே நிறுத்தப்படுகின்றனர்.

இம்மக்களின் வாழ்வுக்கும் காட்டுக்கும் இடையிலான உறவை அறியக் கித்துள் மரமொன்றே போதும். கித்துளை வெட்டி வீழ்த்துபவனுக்கு ஒருநாட் பயன். பாளையைச் சீவுபவனுக்கோ மரம் நிற்குமட்டும் பயன். இளம்பாளையிலே மருந்து வைத்துச் சாற்றைச் சுரக்கச் செய்யும் நுட்பம் தந்தையிடமிருந்து மகனுக்கு இரகசியமாகக் கைமாறி வந்தது. சாறு புளியாதிருக்க முட்டியினுள் ஹல் மரத்தின் பட்டைத் துண்டுகளை இடுவர். அதே ஹல் மரத்தின் விதையை ஊறவைத்துக் கசப்பு நீக்கிப் பெண்கள் மாவாக்குவர். பிரம்பு, மரமஞ்சள், ஏலம் என்பனவும் காடு தந்தவையே. நிற்கும் மரமே சோறு என்ற நிலையில், மரத்தைக் காப்பது அறநெறி என்பதிலும் பார்க்க வாழ்க்கைத் தேவையாகவே இருந்தது.

இதனைப் பொற்காலமாக்கிப் பாடுவதற்கில்லை. கருப்பட்டி காய்ச்சுதல் வகும்புர சாதியினர்மீது சுமத்தப்பட்ட தொழிலாயிருந்தது. முட்டியிலே சுண்ணாம்பு பூசிக் கருப்பணி இறக்கும் பனைத் தொழிலாளரை யாழ்ப்பாணத்துச் சமூகம் எவ்விடத்தில் நிறுத்தியது என்பதை அறிந்த நமக்கு இது புதிதன்று. இயற்கையோடு நெருங்கிய அறிவு பெரும்பாலும் சமூகத்தின் அடித்தளத்திலேயே தங்கியிருந்தது.

இந்த உறவினை முதலில் அறுத்தது 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டமாகும். உரிமைப் பத்திரம் காட்டவியலாத காடும் தரிசும் முடிக்குரியனவெனக் கொள்ளப்பட்டன. கித்துள் சீவுபவனிடம் எந்தப் பத்திரம் இருந்திருக்கும்? அவ்வாறு கைப்பற்றப்பட்ட மலைக்காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. ஏக்கர் 5 சிலிங் வீதம் வாங்கியவர்களுள் ஆட்சியின் உயர் அதிகாரிகளும் இருந்தனர். தோட்டத்துக்கு எளிதில் இசையாத ஈரமேடான சிங்கராஜவின் ஒரு பகுதி 1875 இல் ஒதுக்குக் காடாயிற்று.

அடுத்த அடி நாம் பேசத் தயங்குவது. 1970களின் முற்பகுதியிலே ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இயந்திரங்களுடன் இக்காட்டில் மரம் வெட்டப்பட்டபோது ஆட்சியிலிருந்தது, லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்காளிகளாயிருந்த ஐக்கிய முன்னணி அரசே. தேசியக் கைத்தொழில் என்ற பெயரே நியாயமாக ஏற்கப்பட்டது. உற்பத்திக் கருவி யாருடையது என்று கேட்கப் பழகிய இடதுசாரிகள், மூலப்பொருளான காட்டை நம்பி வாழ்பவர் யார் என்று கேட்கவில்லை. எதிர்ப்பைப் பெருமளவில் முன்னெடுத்தவை இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்கள். அவர்களுட் பலர் நகரத்து மேற்குடியினர் என்பதற்காக அவர்கள் சொன்னது பிழையாகிவிடாது. வெட்டுதல் 1977 ஆட்சி மாற்றத்தின்பின் நின்றது.

பின்னர் பாதுகாப்பு வந்தது. 1978 இல் உயிர்க்கோள ஒதுக்கம். 1988 இல் 8,864 ஹெக்டேயர் உலக மரபுரிமை. ஆயின் அதே 1988 இன் சட்டப்படி, அனுமதியின்றி உள்ளே செல்வது குற்றமாயிற்று. கோடரிக்கும் கித்துட் கத்திக்கும் சட்டம் வேறுபாடு காணவில்லை. காட்டைச் சூழப் பைன் மரங்கள் நடப்பட்டன. பைன் கித்துள் தராது. பிற்காலத்தில் தாவரவியலாளர் சிலர் அந்தப் பைன் நிழலிலே கித்துளும் பிரம்பும் ஏலமும் நட்டுப் பரிசோதித்தமை, கிராமத்தவரின் தேவை ஒருவாறு காதில் விழுந்ததற்கு அடையாளம் எனலாம்.

2020 இல் லங்காகமவுக்குச் செல்லும் பாதை திருத்தப்பட்டபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது. காட்டைப்பற்றிய அச்சம் நியாயமானதே. ஆயினும் நோயாளியை வெளியே கொண்டுசெல்லப் பாதை கேட்டு அவ்வூரார் நெடுங்காலம் காத்திருந்தனர் என்பதைக் கண்டனம் எழுதியோரிற் சிலரே குறிப்பிட்டனர்.