40 வாட்டில் பாடிய சென்னை

இந்தியாவில் அரசு வானொலி வருவதற்கு முன்பே சென்னையில் பொழுதுபோக்காக ரேடியோ கட்டியவர்கள் இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அவர்களில் முன்னோடி சி.வி.கிருஷ்ணசாமி செட்டி. இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பாகங்களை வைத்து வீட்டிலேயே ஒரு சிறிய டிரான்ஸ்மிட்டரை இயக்கிப் பார்த்தார். நண்பர்கள் சேர, 1924 மே 16-ல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் பிறந்தது. ஜூலை 31-ல் எழும்பூர் ஹாலோவேஸ் கார்டனிலிருந்து ஒலிபரப்பு ஆரம்பம். சக்தி வெறும் 40 வாட். ஒரு குண்டு பல்பு கூட 60 வாட்!

அந்நாளில் கேட்பவர்களுக்கு மலிவாகக் கிடைத்தது கிரிஸ்டல் செட். ஒரு கலீனா கல், அதைத் தொடும் மெல்லிய கம்பி, காதில் ஹெட்போன், அவ்வளவுதான். (கலீனாவை இப்படிப் பயன்படுத்தலாம் என்று 1904-லேயே காப்புரிமை பெற்றவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ்.) பேட்டரியே வேண்டாம். ஆனால் காதில் விழும் ஒலிக்கான சக்தி முழுவதும் நிலையத்தின் அலையிலிருந்தே வர வேண்டும். அதனால் ஒலி மிக மெல்லியது, ஒருவர்தான் கேட்கலாம்.

கிளப் பிறகு 200 வாட் டிரான்ஸ்மிட்டருக்கு மாறியது. ஐந்து மடங்கு சக்தி என்றால் ஐந்து மடங்கு தூரமா? அங்கேதான் கணக்கு உதைக்கிறது. அலையின் வலிமை சக்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும். ஆக சுமார் 2.2 மடங்குதான். வழியில் மண் உறிஞ்சுவதால் தூரத்தில் லாபம் அதைவிடவும் குறைவு. எழும்பூரிலிருந்து 70 கி.மீ.க்கு மேல் தள்ளியுள்ள உத்திரமேரூர் பக்கத்துப் பெருநகரில் ஒரு கிரிஸ்டல் செட் இருந்திருந்தால் 200 வாட்டிலும் மௌனம்தான்.

மாற்ற வேண்டிய கருவி கேட்பவர் பக்கம் இருந்தது. வால்வு செட்டும் ஒலிபெருக்கியும் இருந்தால் ஒரு கூட்டமே கேட்கலாம். ஆனால் வால்வின் இழையைச் சூடாக்க ஒரு பேட்டரி, உயர் மின்னழுத்தத்துக்கு இன்னொன்று... சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா? கிளப்பிடமும் பணமில்லை. 1927 அக்டோபரில் ஒலிபரப்பு நின்றது. டிரான்ஸ்மிட்டர் சென்னை மாநகராட்சிக்குப் போனது.

இரண்டரை ஆண்டு மௌனம். 1930 ஏப்ரல் 1-ல் மாநகராட்சி அதை மீண்டும் பேச வைத்தது. இம்முறை மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள்! செட் வாங்க வழியில்லாதவரும் கடற்காற்று வாங்கிக்கொண்டே கச்சேரி கேட்டார்கள். பள்ளி நாட்களில் மாலை 4 முதல் 4.30 வரை குழந்தைகளுக்கு இசைப் பாடமும் கதையும். அகில இந்திய வானொலி 1938 ஜூன் 16-ல் சென்னையில் நிலையம் திறக்கும் வரை இது தொடர்ந்தது.