ஒழுங்குள்ள பிழை: ரேடார் கேபிள்களின் அளவீடு குறித்து

திருப்பதிக்கு அருகே காதங்கியில் வளிமண்டலக் காற்றை அளப்பதற்காக 1990களின் தொடக்கத்தில் நிறுவப்பெற்ற எம்.எஸ்.டி. ரேடார் 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குவது. ஏறத்தாழ 130 மீட்டர் பக்கமுள்ள சதுர நிலத்தில், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளில் நிற்கும் 1024 யாகி ஆன்டெனாக்களும் ஒரே கட்டத்தில் இசைந்தாலொழிய மூன்று பாகை அகலமுள்ள கற்றை நேர்மேலே எழாது. அவ்விசைவைக் காப்பதும் கெடுப்பதும் பெரும்பாலும் ஆன்டெனாக்களுக்கு அலையைக் கொண்டுசெல்லும் கேபிள்களே. அவற்றை அளந்து திருத்துமிடத்து, பிழையின் அளவைக் காட்டிலும் அப்பிழை எந்தக் கிரமத்தில் அமைந்திருக்கிறது என்பதே பிரதானம் என நிலைநாட்ட விழைகிறேன்.

இவ்வதிர்வெண்ணில் அலையின் நீளம் வெளியில் 5.66 மீட்டர், பாலிதீன் நிரம்பிய கேபிளுக்குள் அதன் வேகம் ஒளிவேகத்தில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைவதால், நீளமும் 3.7 மீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது. ஆகவே கேபிள் ஒரு சென்டிமீட்டர் கூடினால் கட்டம் ஏறக்குறைய ஒரு பாகை பிந்தும். நாடாவால் அளந்து வெட்டிய இரு கேபிள்கள் நீளத்தில் ஒத்திருப்பினும், உள்ளிருக்கும் பாலிதீனின் சிறு வேற்றுமையால் காலத்தில் மாறுபடக்கூடும். எனவே மறுமுனையைத் திறந்துவிட்டு, சென்று திரும்பும் அலையின் கட்டத்தை நெட்வொர்க் அனலைசரில் படித்துப் பாதியாக்கிக்கொள்வது வழக்கம். அலை இருமுறை கடப்பதால் வேற்றுமை இரட்டித்துத் தெரிவது அனுகூலம். முழுச் சுற்றுகள் தெரியாமல் மறைவது பிரதிகூலம். அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக மாற்றிக் கட்டத்தின் சரிவைப் பார்த்தால் அக்குறை நீங்கும்.

இனிப் பிழையின் கிரமத்துக்கு வருவோம். கேபிள்களின் பிழை பத்துப் பாகை அளவில், ஒன்றுக்கொன்று சம்பந்தமின்றிச் சிதறியிருப்பதாகக் கொண்டால், கற்றையின் வலிமையில் மூன்று சதவீதமே குறையும். பக்கக் கற்றைகள் சற்று உயரும். 1024 பாதைகளின் சராசரியில் திசைப்பிழை நூறில் ஒரு பாகையை எட்டுவதுமரிது. அதே பத்துப் பாகை, நிலத்தின் ஒரு விளிம்பில் சூன்யமாகத் தொடங்கி மறுவிளிம்பு வரை படிப்படியாக ஏறுமாயின், கற்றை முழுவதும் 0.07 பாகை சாய்கிறது. அற்பமென்று தள்ளிவிடத் தோன்றும் இச்சாய்வுதான் விபரீதம் விளைப்பது. ஏனெனில் தென்மேற்குப் பருவத்தில் 16 கிலோமீட்டர் உயரத்தில் காதங்கியின் மேலே வீசும் கீழைக்காற்று நொடிக்கு 30 மீட்டரைத் தாண்டுவது சாதாரணம், அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியாகச் செங்குத்துக் கற்றையில் கலந்தாலும் நொடிக்கு மூன்று நான்கு சென்டிமீட்டராகும், நாம் அளக்கப் புகுந்த செங்குத்துக் காற்றின் சராசரி வேகமோ பெரும்பாலும் அவ்வளவேயாகும். மேலெழும் காற்றைக் கண்டோம் என்று எழுதுகிறவர், உண்மையில் கேபிளின் சாய்வைக் கண்டிருக்கக்கூடும்.

ஒரு வரிசைக்கு ஒன்றாக 32 டிரான்ஸ்மிட்டர்களால் இயங்கிய இந்த ரேடார், பிற்காலத்தில் ஆன்டெனாவுக்கு ஒன்றாக 1024 சிறு டிரான்ஸ்மிட்டர்கள் பெற்றது. இவ்வாறு பாதைகள் பெருகப் பெருகச் சிதறிய பிழை கரையும்; ஒழுங்குள்ள பிழையை எத்தொகையும் கரைப்பதில்லை.

அத்தகைய ஒழுங்கு எங்கிருந்து வருகிறது? ஒரே உருளையிலிருந்து வெட்டிய துண்டுகளுக்கு வெட்டிய வரிசையிலேயே எண்ணிட்டு, அவ்வெண் வரிசையிலேயே களத்தில் இணைத்தால், உருளையின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள வேற்றுமை அப்படியே நிலத்தின் மேல் விரிந்துவிடும். பார்வைக்கு இதைவிட அழகான வேலை வேறில்லை என்பது இதிலுள்ள வேடிக்கை. ஒருபுறத்துக் கேபிள்கள் மண்ணில் புதைந்தும் மறுபுறத்தவை வெயிலில் கிடந்தும் இருந்தாலோ, விளிம்புக்கு விளிம்பு ஏறும் அப்பிழை பகலில் தோன்றி இரவில் மறையும். ஆகவே அளந்த கேபிள்களை வேண்டுமென்றே கலைத்து, கூடியதன் பக்கத்தில் குறைந்ததை அமர்த்துவதே யுக்தி. எல்லாப் பிழைகளையும் கணிப்பொறியில் திருத்திவிடலாமே என்பார்க்கு, திருத்தம் அளந்த நேரத்து வெப்பநிலைக்கு மட்டுமே உரியது என்பதே விடை.

இணைப்பின்போது நேரும் தவறு வேறு ஜாதி. ஓர் ஆன்டெனாவின் முனைகள் தலைகீழாக மாட்டப்பட்டால் 180 பாகை பிசகும். ஆயிரத்தில் ஒன்று என்பதால் அது புலப்படாமலே போகலாம். ஒரு வரிசை முழுவதும் அவ்வாறு மாறினால், எல்லா வரிசைகளும் சமமாக ஊட்டப்படுமிடத்து, நேர்மேலே செல்லும் வலிமையில் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

இறுதிச் சோதனைக்கு வானமே உதவுகிறது. வர்கோ-ஏ என்னும் ரேடியோ மூலம் காதங்கியின் உச்சிக்கு ஒரு பாகை அளவு தெற்கே கடந்து செல்வது. அதன் ரேடியோ இரைச்சல் உச்சமடையும் கணத்தை அது கடக்கவேண்டிய கணத்தோடு ஒப்பிட்டால் கிழக்கு மேற்குச் சாய்வு வெளிப்படும். ஆயினும் இது பெறும் பாதைக்கு மட்டுமே சாட்சி. டிரான்ஸ்மிட்டரின் ஆம்ப்ளிஃபையர் வழியே செல்லும் அனுப்பும் பாதையை, ஒவ்வொரு ஆன்டெனாவின் அடியிலும் சிறு பங்கைப் பிரித்தெடுத்துத் தனியே அளந்தாக வேண்டும்.